பாட்டி பிறந்த ஊருக்கு ஆடலாமா?

அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் எஃப்.ஏ.ஐ. அதற்கு ‘ஃபைண்ட் அன் ஐரிஷ்மேன்’, அதாவது ‘எங்கேயாவது ஒரு ஐரிஷ்காரனைத் தேடிப் பிடி’ என்று கிண்டலாக விரிவாக்கம் சொல்வார்கள். பர்மிங்காமில் பிறந்தவர், கிளாஸ்கோவில் பிறந்தவர், லண்டனில் பிறந்தவர் எல்லாரும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு அயர்லாந்துக்கு ஆடினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கேட்டால் பாட்டி கார்க்கில் பிறந்தாள், அப்பா டோனகாலில் பிறந்தார் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஊரை விட்டு வந்து வேறு இடத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. கால்பந்தில் ஆர்வம் இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆஃப்சைடு ரூல் எல்லாம் விளக்கப் போவதில்லை :-)

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். அயர்லாந்துச் சட்டப்படி, அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்த ஐரிஷ்காரர் என்றால் பிள்ளை உலகத்தில் எங்கே பிறந்தாலும் ஐரிஷ் குடிமகன்தான். தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கென்று இருக்கும் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டு குடியுரிமை வாங்கலாம். ஆனால் ஃபிஃபாவுக்கு வெறும் பாஸ்போர்ட் மட்டும் போதாது. 2004-இல் கத்தார், தங்கள் நாட்டோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத பிரேசில் வீரர்களைக் காசு கொடுத்து இழுக்கப் பார்த்தது. அதன்பிறகு விதியைக் கெட்டியாக்கிவிட்டார்கள். புதிதாகக் குடியுரிமை வாங்கி ஆட வருகிறவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட வருஷங்கள் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் பாங்க்கில் குப்பை கொட்டுகிறேன். இறந்துபோனவர் கணக்குக்கு வாரிசு யார் என்று காகிதம் பார்ப்பது எங்களுக்குத் தினசரி வேலை. ஐரிஷ்காரர்கள் செய்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். தாத்தா ஊரை விட்டுப் போனார், கணக்கு அப்படியே கிடக்கிறது. அதை மூடாமல், பேரன் காகிதத்தோடு வந்தால் திறந்துகொடுக்கிறார்கள்.

ஏன் மூடவில்லை? அந்த நாட்டின் கதை அப்படி. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு ஜனங்கள் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. 1950-களில் மட்டும் நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1961-இல் அயர்லாந்துக் குடியரசின் ஜனத்தொகையே 28 லட்சம்தான். அப்படியானால் நான்கு லட்சம் என்பது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவர்களில் பெரும்பாலோர் போனது இங்கிலாந்துக்கு. ஆண்கள் கட்டட வேலை, ரோடு வேலை. பெண்கள் நர்ஸ் வேலை, வீட்டு வேலை. லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்பூல் என்று போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் அயர்லாந்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அவர்களுடைய பிள்ளைகள்தான் பிறகு பச்சைச் சட்டை போட்டார்கள்.

1986-இல் ஜாக் சார்ல்டன் அயர்லாந்து அணிக்கு மேனேஜராக வந்தார். வேடிக்கை என்னவென்றால் அவர் அசல் இங்கிலாந்துக்காரர், 1966-இல் இங்கிலாந்துக்கு உலகக்கோப்பை வென்று கொடுத்த அணியில் ஆடியவர். அவர் கூச்சப்படாமல் இங்கிலாந்து கிளப்புகளில் ஐரிஷ் ரத்தம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்தார். 1988 ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் அயர்லாந்து இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. அந்த ஒரு கோல் எப்படி வந்தது தெரியுமா? டோனி கால்வின் பந்தை உள்ளே அனுப்பினார். இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் அதைச் சரியாக அடிக்காமல் மேலே தூக்கிவிட்டார். ஜான் ஆல்ட்ரிட்ஜ் தலையால் தட்டிக் கொடுக்க, ரே ஹௌட்டன் தலையால் முட்டி வலைக்குள் போட்டார். கால்வின் பிறந்தது ஹடர்ஸ்ஃபீல்டில், ஆல்ட்ரிட்ஜ் லிவர்பூலில், ஹௌட்டன் கிளாஸ்கோவில். மூன்றுமே அயர்லாந்து இல்லை. அன்று முதலில் களம் இறங்கிய 11 பேரில் 7 பேர் இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ பிறந்தவர்கள்.

1990 உலகக்கோப்பையை தூர்தர்ஷனில் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு அந்த அணி ஞாபகம் இருக்கும். ஒரு ஆட்டத்தைக்கூட நேரடியாக ஜெயிக்காமல், மொத்தமே இரண்டு கோல் போட்டு, ருமேனியாவை பெனால்டியில் தாண்டி, காலிறுதி வரை போன அணி :-) அதன் கேப்டன் மிக் மெக்கார்த்தி இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்தவர். அப்பா ஐரிஷ். கடைசி பெனால்டியை அடித்த டேவிட் ஓலியரி லண்டனில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர். அந்த அணியின் தூண் பால் மெக்ராத்தும் லண்டனில் பிறந்தவர்தான். அம்மா ஐரிஷ், அப்பா நைஜீரியர். டப்ளின் அனாதை இல்லங்களில் வளர்ந்தார்.

இப்போது எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். அதிலும் நியாயம் இருக்கிறது. ‘இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்காதவன்தானே பாட்டியைத் தேடிப் போகிறான்? இது பாசமா, சௌகரியமா?’ என்று கேட்கிறார்கள். இப்படி வந்தவர்களுக்கு ‘பிளாஸ்டிக் பேடி’ என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. பேடி என்பது ஐரிஷ்காரர்களைக் குறிக்கும் கேலிப்பெயர், அதிலும் பிளாஸ்டிக் என்றால் போலி. கோடை லீவுக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகள் ‘ழ’ சரியாக வராமல் பேசும்போது சொந்தக்காரப் பசங்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு.

சௌகரியத்துக்காக வந்தவர்கள் இருக்கலாம். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மனசைத் திறந்து பார்க்க ஃபிஃபாவிடம் ஸ்கேனிங் மெஷின் கிடையாது. காகிதத்தைத்தான் பார்க்க முடியும். காகிதத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதற்கு டோனி கஸ்கரினோ கதையே சாட்சி. இவர் இங்கிலாந்தில் பிறந்தவர், அம்மா வழித் தாத்தா ஐரிஷ்காரர் என்ற தகுதியில் 1985-லிருந்து அயர்லாந்துக்கு 88 ஆட்டம் ஆடினார். பல வருஷம் ஆடிய பிறகு ஒருநாள் அம்மா சொல்கிறார்: ‘நான் அவர்களுடைய தத்துப்பிள்ளை.’ அப்படியானால் தாத்தாவின் ரத்தம் இவரிடம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. 2000-இல் வந்த தன் சுயசரிதையில் இதை அவரே எழுதியபோது பெரிய பரபரப்பு. தத்து எடுத்தாலும் சட்டப்படி மகள் மகள்தான், ஆகவே அவர் ஆடியது செல்லும் என்று பிறகு தெளிவானது. என்னைக் கேட்டால், ரத்தம் இருந்து ஆடாதவனைவிட ரத்தம் இல்லாமல் 88 முறை ஓடி வியர்வை சிந்தியவர் குறைந்த ஐரிஷ்காரர் இல்லை.

நான் இருக்கும் கொல்கத்தாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே பாங்கால், கோட்டி என்று இரண்டு கட்சி. (நெல்லைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கோட்டி என்றால் பூர்வீகமே மேற்கு வங்கம் என்று அர்த்தம்.) பாங்கால் என்றால் இன்றைய பங்களாதேஷ் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பெரும்பாலும் இவர்கள் 1920-இல் ஆரம்பித்த ஈஸ்ட் பெங்கால் கிளப் பக்கம், அவர்கள் மோகன் பகான் பக்கம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். பரிசால் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இருபத்தைந்து வயதுப் பையன் ‘எங்கள் வீடு பரிசால்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர், பேரன் கையில் கொடியாக இருக்கிறது. இதைப் போலி என்று யார் சொல்ல முடியும்?

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ஐரிஷ்காரர்களுக்கு இனிக்கும். இனி கசப்பானது இரண்டு.

முதலாவது, கதவு திறந்திருந்தால் உள்ளே வருவது போலவே வெளியேயும் போகலாம். இதை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. டெக்லன் ரைஸ் லண்டனில் பிறந்தவர். தாத்தா பாட்டி கார்க் ஊர்க்காரர்கள். அயர்லாந்தின் சிறுவர் அணிகளில் ஆடி, 2018-இல் பெரிய அணிக்கும் மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடினார். நட்பு ஆட்டம் கணக்கில் சேராது என்பதால், 2019-இல் இங்கிலாந்துக்கு மாறினார். அப்போது வயது 20. ஜாக் கிரீலிஷும் அப்படித்தான். பர்மிங்காமில் பிறந்து, அயர்லாந்தின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணி வரை ஆடி, 2015-இல் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். 2024 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் அயர்லாந்து - இங்கிலாந்து ஆட்டம். மைதானம் முழுக்க இவர்கள் இருவரையும் பார்த்து ஊளையிட்டது. இங்கிலாந்து 2-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒன்று ரைஸ், இன்னொன்று கிரீலிஷ்! ரைஸ் தன் கோலைக் கொண்டாடவில்லை.

அன்று இங்கிலாந்துக்குத் தற்காலிக மேனேஜராக நின்றவர் லீ கார்ஸ்லி. பர்மிங்காமில் பிறந்து, பாட்டி வழியில் அயர்லாந்துக்கு 40 ஆட்டம் ஆடியவர். அன்று அவர் இங்கிலாந்து தேசிய கீதம் பாடவில்லை என்று அந்தப் பக்கப் பத்திரிகைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அயர்லாந்துக்கு ஆடியபோதும் நான் கீதம் பாடியதில்லை, ஆட்டத்தில்தான் என் கவனம் இருக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இங்கே போனால் துரோகி, அங்கே போனால் சந்தேகக் கேஸ். இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் தலையெழுத்து அது.

கிளாஸ்கோவில் பிறந்த ஹௌட்டன் அயர்லாந்தைத் தேர்ந்தெடுத்தால் தியாகி, லண்டனில் பிறந்த ரைஸ் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தால் துரோகி என்பது என்ன நியாயம்? இரண்டு பேரும் ஒரே உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். ஹாரி கேனின் அப்பாகூட கால்வே பக்கத்துக்காரர்தான். அவர் அயர்லாந்துப் பக்கம் வரவே இல்லை, இங்கிலாந்துக்கு அதிக கோல் அடித்தவர் ஆகிவிட்டார். அதற்காக அவர் அப்பா ஊரை மறந்தவர் என்று ஆகிவிடுமா?

வட அயர்லாந்தில் இதே கதை திருப்பி நடக்கிறது. ஜேம்ஸ் மெக்லேன் டெர்ரி நகரில் பிறந்தவர். பிரிட்டனுக்குச் சேர்ந்த வட அயர்லாந்து அது. அங்கே 21 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடிவிட்டு, 2012-இல் டப்ளின் பக்கம் வந்து நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். ‘நாங்கள் வளர்த்துவிட்ட பையன்களை டப்ளின் தூக்கிக்கொண்டு போகிறது’ என்று பெல்ஃபாஸ்ட் சங்கம் வேறொரு வீரர் விஷயத்தில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் வரை போனது. 2010-இல் தீர்ப்பு வீரருக்குச் சாதகமாக வந்தது. 1998 சமாதான ஒப்பந்தப்படி வட அயர்லாந்துக்காரர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அப்படியிருக்க, கால்பந்துக்கு மட்டும் வேறு சட்டம் எப்படி வைக்க முடியும்? வடக்கிலிருந்து வந்தவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் கைகள் லண்டனுக்குத் திரும்பிப் போகிறவனைப் பார்த்து முஷ்டி உயர்த்தக்கூடாது.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. ஊரை விட்டுப் போன தங்கள் பேரப்பிள்ளைகளை இவ்வளவு தாராளமாக அழைக்கும் அயர்லாந்து, ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டது? 2004 ஜூனில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். அதுவரை அயர்லாந்து மண்ணில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் குடியுரிமை உண்டு. அதை எடுத்துவிடலாம் என்று 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2005 ஜனவரி 1 முதல், வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை வேண்டுமென்றால், பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் மூன்று வருஷம் முறையாக அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்து, அயர்லாந்தை லீவில் மட்டும் பார்த்த பேரனுக்குக் கதவு திறந்திருக்கிறது. டப்ளின் ஆஸ்பத்திரியில் பிறந்து, டப்ளின் பள்ளிக்கூடத்தில் படித்து, டப்ளின் தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைக்கு அப்பா அம்மாவின் விசா காகிதத்தைப் பார்த்துத்தான் பதில்.

ஆனால் இன்றைய அணியைப் பாருங்கள். நைஜீரியப் பெற்றோருக்கு 2002-இல் அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தியில் பிறந்த ஃபெஸ்டி எபோசெலே இந்த அணிக்கு ஆடியிருக்கிறார். சியடோசி ஓக்பெனே நைஜீரியாவிலேயே பிறந்து எட்டு வயதில் கார்க் நகருக்கு வந்தவர். அங்கே நீமோ ரேஞ்சர்ஸ் கிளப்பில் கேலிக் கால்பந்து ஆடி வளர்ந்தார். அது அயர்லாந்தின் சொந்த ஆட்டம். 2021-இல் அயர்லாந்துக்கு ஆடிய முதல் ஆப்பிரிக்கப் பிறப்பு வீரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பாட்டி அங்கே பிறக்கவில்லை. அவரே அங்கே வளர்ந்தார். இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். பாட்டி வழி விதி தப்பே இல்லை, இருக்கட்டும். பிழைப்புக்காக ஜனங்களை ஏற்றுமதி செய்த நாடு அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைப்பது கடமை, தர்மம் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு இரண்டு நிபந்தனை வேண்டும். ஒன்று, வராதவனையும் திரும்பிப் போகிறவனையும் ஏசக்கூடாது. இரண்டு, வெளியூரில் பிறந்த நம் பிள்ளைக்குத் திறக்கும் அதே கதவு, நம் ஊரில் பிறந்த வெளியூர்க்காரர் பிள்ளைக்கும் திறக்க வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் அது பாசம் இல்லை, வெறும் ஜாதகம் பார்க்கிற வேலை.

இந்தியாவில் அந்த முதல் கதவே ஏறக்குறைய மூடித்தான் இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளி வீரர் இந்தியாவுக்கு ஆட வேண்டுமென்றால் அந்த பாஸ்போர்ட்டை விட வேண்டும். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அப்படி விட்டுத்தான் 2013-இல் இந்தியாவுக்கு ஆடினார். மும்பையைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியத் தாய்க்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்தார். ஒரு கணக்கை மூடினால்தான் இன்னொன்று திறப்போம் என்கிறோம்.

நாட்டுக்குள்ளேயே இடம் மாறி வந்த நமக்கும் இதன் சின்ன வடிவம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த பிள்ளையை அங்கே இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அனுப்பிப் பார்த்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட்டின் அருமை தெரியும். அதுவும் ஒருவகையில் பாட்டி வழி விதிதான். அப்பாவின் பூர்வீகத்தை வைத்துப் பிள்ளைக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டால், நம் பிள்ளையும் தமிழ்நாட்டுப் பிள்ளை என்று சந்தோஷப்படுகிறோம். படவேண்டியதுதான். ஆனால் அதே வாயால், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார்க்காரர் மகள் அங்கேயே பிறந்து, கவர்ன்மென்ட் ஸ்கூலில் தமிழ் மீடியத்தில் படித்து, நம் பிள்ளைகளைவிட அழகாகத் தமிழ் எழுதும்போது, ‘வடக்கத்திப் பொண்ணு’ என்று ஒதுக்கக்கூடாது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் டெல்லியிலும் நம்மை ‘மதராஸி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

வீட்டுக்குள்ளும் இதே கேள்விதான். இங்கே பிறந்த பிள்ளைகள் நமக்குத் தெரிந்த ஊரைத் தங்கள் ஊராக நினைக்க வேண்டும் என்று நமக்கு ஆசை. தமிழ் படிக்க வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போங்கள், தாத்தாவோடு உட்கார வையுங்கள். அதெல்லாம் நம் வேலை. ஆனால் பதினெட்டு இருபது வயதில் ‘நான் கல்கத்தாக்காரன்’ என்று அவன் சொன்னால், வளர்த்தது வீணாகிவிட்டது என்று புலம்பாதீர்கள். அவன் நம்மைத் தூக்கி எறியவில்லை. தான் ஓடி விளையாடிய மைதானத்தைச் சொல்கிறான், அவ்வளவுதான். நாளைக்கு அவன் மகளோ மகனோ தேடிக்கொண்டு வரலாம். அப்போது ஊரில் அடையாளம் சொல்ல நாலு பேரும், பேச நாலு வார்த்தையும் மிச்சம் இருக்க வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

கொசுறு: 2024-இல் டப்ளினில் நடந்த அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு மேனேஜர் முன்னாள் அயர்லாந்து வீரர் என்று சொன்னேன் அல்லவா? அயர்லாந்துக்கு மேனேஜர் ஹைமிர் ஹால்கிரிம்சன். அவர் ஐஸ்லாந்துக்காரர். பாட்டியை எல்லாம் யாரும் கேட்கவில்லை :-)